பாதை பளிச்சிடுகிறது, நீதி?

நெடிய சாலை. இருமருங்கும் புல் சீராக வெட்டப்பட்டிருக்கிறது. காகிதத் துண்டு இல்லை; கண்ணாடிச் சில்லு இல்லை. காரில் விரைவோர் கண் குளிர்கிறது. தூய்மை செய்த கரங்கள் எவை? கைதிகளின் கரங்கள்!

அமெரிக்க நாட்டின் தென்மாநிலங்களில் இது பழகிப்போன காட்சி, தோழர்களே! கவுண்டி எனப்படும் வட்டார ஆட்சியும் நகராட்சியும் ஆள் கேட்கின்றன, சிறைத்துறை அனுப்புகிறது. ஒத்துழைப்பாம்! வரிப்பணம் மிச்சமாம்! மிச்சம் எங்கிருந்து வந்தது? உழைத்தவன் கூலியிலிருந்து! ஜார்ஜியா, டெக்சாஸ், அலபாமா, ஆர்க்கன்சா மாநிலச் சிறைகளில் பெரும்பாலான வேலைகளுக்கு ஊதியமே கிடையாது.

அடிமை முறையை ஒழித்த நாடன்றோ அது என்பீர்கள். ஆம், 1865-இல் அரசியல் சட்டத்தின் 13-ஆம் திருத்தம் ஒழித்தது. ஒழித்த அதே வாக்கியத்தில் ஒரு விலக்கும் வைத்தது: குற்றத்திற்குத் தண்டனை என்றால் கட்டாய உழைப்பு தொடரலாம்! தலைவாயிலைச் சாத்தியவர்கள் புழக்கடைக் கதவைத் திறந்து வைத்தனர். அவ்வழியே கறுப்பின மக்கள் கைதிகளாக்கப்பட்டுச் சுரங்கங்களுக்கும் தோட்டங்களுக்கும் வாடகைக்கு விடப்பட்டனர். அலபாமாவில் அவ்வாணிபம் 1928 வரை நடந்தது. காலில் விலங்கிட்டுச் சாலை வேலை வாங்கிய கொடுமையும் உண்டு. மறைந்துபோன அதனை 1995-இல் மீண்டும் மேடையேற்றியதும் அலபாமாவே. வழக்கு வந்தது, மறு ஆண்டே திரை விழுந்தது!

சிறைச்சுவருக்குள் வாடுவதினும் வெளிக்காற்றில் உழைப்பது நன்றல்லவா என்று கேட்பாருண்டு. நன்றே! உழைப்பை நாம் எதிர்க்கவில்லை. ஊதியம் மறுப்பதை எதிர்க்கிறோம். விரும்புவோர் வரட்டும், வந்தோர்க்குக் கூலி தரட்டும், விடுதலை நாளில் வெறுங்கையோடு வெளியேறும் நிலை ஒழியட்டும். இன்றேல், கூலி கேட்கும் துப்புரவுத் தொழிலாளியை எந்த நகராட்சி நாடும்? சிறை நிரம்புவதே ஆட்சிக்கு ஆதாயம் என்றாகிவிட்டால், கைதியைத் திருத்தி அனுப்பும் எண்ணம் எவர்க்கு வரும்?

விழிப்பு பிறந்திருக்கிறது. 2022-இல் அலபாமா, டென்னசி, ஆரிகன், வெர்மான்ட் மக்கள் அவ்விலக்கைத் தத்தம் மாநிலச் சட்டத்திலிருந்து வாக்களித்து நீக்கினர். 2024-இல் கலிபோர்னியா மக்களோ நீக்க மறுத்தனர். நீக்கிய அலபாமாவிலும், பின்னர்க் கைதிகள் நீதிமன்றப் படியேற நேர்ந்தது. எழுத்தை மாற்றுவது எளிது. பழக்கத்தை மாற்றுவது அரிது!

குப்பை சாலையோரத்தில் கிடந்தால் துடைப்பம் போதும், தோழர்களே. சட்டத்தில் கிடந்தால் மக்களின் வாக்கு வேண்டும்; வாக்களித்த பின்னும் ஓயாத விழிப்பு வேண்டும்!