லஞ்சம் தெரிகிறது, சாதி தெரிவதில்லை: நீதிபதிகளின் பதவி நீக்கமும் நாமும்

"இம்பீச்மென்ட் வந்துருச்சு தோழர், இனி ஆட்டம் முடிஞ்சுது!" திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கும் தம்பி ஒருவன், ஒன்றரை ஷிப்ட் முடித்துவிட்டு நள்ளிரவில் அனுப்பிய குரல்பதிவு இது. அன்று 2025 டிசம்பர் 9. திருப்பரங்குன்றம் தீப வழக்கை ஒட்டி, நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதனைப் பதவி நீக்கக் கோரும் நோட்டீசை 'இந்தியா' கூட்டணி எம்.பி.க்கள் நூறு பேருக்கு மேல் கையெழுத்திட்டு மக்களவைத் தலைவர் ஓம் பிர்லாவிடம் அன்று பகலில்தான் கொடுத்திருந்தார்கள்.

தம்பியின் மகிழ்ச்சியைக் கெடுக்க எனக்கு மனமில்லை. ஆனால் சொல்லித்தான் ஆக வேண்டும். 1950இல் அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்ததிலிருந்து இன்றுவரை, உயர் நீதிமன்ற நீதிபதியோ உச்ச நீதிமன்ற நீதிபதியோ ஒரே ஒருவர்கூட இந்த வழியில் பதவி இழந்ததில்லை. அப்படியானால் இந்தச் சட்டம் எதற்கு இருக்கிறது, யாரைப் பிடிக்கிறது, யாரை விட்டுவிடுகிறது என்று நாம் கேட்டாக வேண்டும்.

வழிமுறை இதுதான். மக்களவை என்றால் 100 பேர், மாநிலங்களவை என்றால் 50 பேர் கையெழுத்திட வேண்டும். அதை ஏற்பதும் தள்ளுவதும் அவைத்தலைவரின் விருப்பம். ஏற்றால், 1968ஆம் ஆண்டு நீதிபதிகள் விசாரணைச் சட்டப்படி ஓர் உச்ச நீதிமன்ற நீதிபதி, ஓர் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி, ஒரு சட்ட அறிஞர் என மூவர் குழு விசாரிக்கும். குற்றம் உறுதியானால் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். 'நிரூபிக்கப்பட்ட தவறான நடத்தை' என்பதுதான் நீக்குவதற்கான காரணம். தவறான நடத்தை என்றால் என்ன என்று அரசமைப்புச் சட்டமும் சொல்லவில்லை, 1968 சட்டமும் சொல்லவில்லை. சாதி ஒளிந்துகொள்ளும் இடம் அந்த மௌனம்தான்.

இது நமக்கு மட்டுமான நோய் அல்ல. அடிமை முறை ஒழிந்த கையோடு அமெரிக்காவில் குடியரசுத் தலைவராக இருந்த ஆண்ட்ரூ ஜான்சன், விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்குக் குடியுரிமை தந்த 1866 சட்டத்தைத் தன் அதிகாரத்தால் தடுத்துப் பார்த்தவர். 1868இல் அவர்மீது பதவி நீக்க விசாரணை வந்தபோது 11 குற்றச்சாட்டுகள் எழுதினார்கள். அவற்றில் பெரும்பாலானவை அவர் தன் போர்த்துறை அமைச்சர் ஸ்டாண்டனை விதிமீறி நீக்கினார் என்பதைப் பற்றியவை. கறுப்பின மக்களுக்கு அவர் செய்தது குற்றப்பத்திரிகையின் மையத்துக்கு வரவே இல்லை. செனட்டில் 35-க்கு 19 என்று ஒரே ஒரு வாக்கு குறைந்து அவர் தப்பினார். இன்றுவரை செனட் எந்தக் குடியரசுத் தலைவரையும் நீக்கியதில்லை.

நம் ஊருக்கு வருவோம். முதல் பெரிய வழக்கு நீதிபதி வி.ராமசாமியுடையது. சண்டிகரில் தலைமை நீதிபதியாக இருந்தபோது அரசு இல்லத்துக்கு வாங்கிய பொருட்களில் மக்கள் பணத்தை அள்ளி இறைத்தார் என்பது புகார். விசாரணைக் குழு 14 குற்றச்சாட்டுகளில் 11ஐ உறுதி செய்தது. 1993 மே மாதம் மக்களவையில் அவருக்காக வாதாடியவர் கபில் சிபல். தீர்மானத்துக்கு ஆதரவாக 196 பேர் வாக்களித்தார்கள், எதிராக ஒருவர்கூட இல்லை. காங்கிரசும் கூட்டாளிகளுமாக 205 பேர் வாக்களிக்காமல் உட்கார்ந்திருந்தார்கள், தீர்மானம் தோற்றது. அதே கபில் சிபல்தான் பின்னாளில் நீதிபதிகளுக்கு எதிரான நோட்டீசுகளைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். காலம் அப்படி!

தோற்றாலும் அந்த வழக்கு விசாரணை வரை போனது, ஏனென்றால் அது பணம் பற்றியது. கொல்கத்தா நீதிபதி சௌமித்ர சென் மீதான பணக் கையாடல் புகாரில் 2011இல் மாநிலங்களவை 189-க்கு 17 என்று தீர்மானத்தை நிறைவேற்றியது. மக்களவைக்கு வருமுன் அவர் ராஜினாமா செய்துகொண்டார். நீதிபதி யஷ்வந்த் வர்மாவின் வீட்டில் எரிந்த நோட்டுக்கட்டுகள் கிடைத்ததாக எழுந்த புகாரில் 2025 ஜூலை 21 அன்று நோட்டீஸ் கொடுக்கப்பட்டது, ஆகஸ்ட் 12 அன்று மூவர் குழு அமைந்தது. மூன்றே வாரம்தான்.

இப்போது இன்னொரு பக்கம் பாருங்கள். அலகாபாத் நீதிபதி சேகர் குமார் யாதவ், விசுவ இந்து பரிஷத் கூட்டத்தில் பெரும்பான்மையினர் விருப்பப்படிதான் நாடு நடக்கும் என்று பேசினார். 2024 டிசம்பர் 13 அன்று 55 எம்.பி.க்கள் நோட்டீஸ் கொடுத்தார்கள். ஓராண்டு முடிந்துவிட்டது, இதை எழுதும் நாள்வரை குழு அமையவில்லை. 2015 டிசம்பரில் குஜராத் நீதிபதி ஜே.பி.பர்திவாலா, நாட்டைக் கெடுத்தவை இட ஒதுக்கீடும் ஊழலும்தான் என்று தீர்ப்பிலேயே எழுதினார். 58 எம்.பி.க்கள் நோட்டீஸ் கொடுத்ததும் அந்தப் பத்தி நீக்கப்பட்டது, விவகாரமும் அடங்கிப்போனது. 2022இல் அவர் உச்ச நீதிமன்ற நீதிபதி ஆனார். இட ஒதுக்கீட்டை லஞ்சத்தோடு ஒரே தட்டில் வைத்ததற்கு யாரும் கணக்குக் கேட்கவில்லை.

ஹைதராபாத் உயர் நீதிமன்ற நீதிபதி நாகார்ஜுன ரெட்டியின் கதை இன்னும் கசப்பானது. தலித் இளநிலை சிவில் நீதிபதி ஒருவரைச் சாதி சொல்லித் திட்டினார், தாக்கினார் என்பது அவர்மீதான குற்றச்சாட்டுகளில் ஒன்று. 2016இல் 61 மாநிலங்களவை உறுப்பினர்கள் கையெழுத்திட்டார்கள். பிறகு ஒவ்வொருவராகக் கையெழுத்தைத் திரும்பப் பெற்றார்கள், எண்ணிக்கை 50க்குக் கீழே போனது. அடுத்த ஆண்டு மீண்டும் திரட்டினார்கள், மீண்டும் அதே கதை. குற்றச்சாட்டு உண்மையா பொய்யா என்று எந்தக் குழுவும் விசாரிக்கவே இல்லை. ஒரு தலித் நீதிபதியின் புகாரைக் கேட்கக்கூட நாடாளுமன்றத்தில் ஐம்பது கைகள் உறுதியாக நிற்கவில்லை.

"அப்படியென்றால் தலித் நீதிபதிகள் யோக்கியர்களா?" என்று கேட்க ஆள் இருக்கிறது. பி.டி.தினகரன் மீது, திருவள்ளூர் மாவட்டம் காவேரிராஜபுரத்தில் அரசு நிலத்தை ஆக்கிரமித்தார் என்ற புகார் எழுந்தது. தலித் என்பதால் குறிவைக்கிறார்கள் என்று நம்மில் சிலரும் பேசினார்கள். நான் அதை ஏற்கவில்லை. அந்த ஊரில் உழ ஒரு காணி இல்லாதவர்களும் தலித்துகள்தானே? விசாரணை முடியுமுன் 2011 ஜூலையில் அவர் ராஜினாமா செய்தார், உண்மை அங்கேயே புதைந்தது.

சி.எஸ்.கர்ணன் விவகாரம் வேறு. அவரை நான் நாயகனாக்கவில்லை. பின்னாளில் பெண்களைப் பற்றி அவர் பேசியவை அருவருப்பானவை. ஆனால் சக நீதிபதிகள் சாதி பாராட்டுகிறார்கள் என்று 2011இலேயே அவர் தாழ்த்தப்பட்டோர் ஆணையத்தில் புகார் செய்தாரே, அதை யார் விசாரித்தார்கள்? 2017இல் அவர் நீதிபதிகள் சிலரின் பெயரைக் குறிப்பிட்டு ஊழல் புகார் எழுதியபோதோ, உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்ந்து, பதவியில் இருக்கும் ஓர் உயர் நீதிமன்ற நீதிபதிக்கு ஆறு மாதச் சிறை விதித்தார்கள். அவர் பேச்சை வெளியிட ஊடகங்களுக்கும் தடை. ஓய்வு பெற்ற சில நாட்களில் கோவை அருகே கைது செய்தார்கள். நூறு கையெழுத்தோ மூவர் குழுவோ மூன்றில் இரண்டு பங்கு வாக்கோ அவருக்குத் தேவைப்படவே இல்லை. ராமசாமியைக் காத்த அதே மதில் கர்ணன் வந்தபோது எங்கே போனது?

மதிலுக்குள்ளே இருப்பவர்கள் யார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2018க்குப் பிறகு உயர் நீதிமன்றங்களுக்கு நியமிக்கப்பட்டவர்களில் முக்கால் பங்குக்கு மேல் பொதுப் பிரிவினர் என்று ஒன்றிய சட்ட அமைச்சகமே நாடாளுமன்றத்தில் சொல்லியிருக்கிறது.

இனி கீழே இறங்கி வாருங்கள். என் அம்மா திருப்பூரில் ஒரு பவர்டேபிளில் பல வருடம் கைமடி வேலை பார்த்தவர். டீக்கு ஏன் தனக்கு மட்டும் தனி டம்ளர் என்று ஒருநாள் கேட்டார். அந்தச் சனிக்கிழமை சம்பளத்தைக் கையில் கொடுத்துவிட்டு, "திங்கக்கெழம வர வேண்டாங்க்கா" என்றார் கான்ட்ராக்டர். அவ்வளவுதான் விசாரணை. நீதிபதிகளைப் பற்றிய சட்டத்தைப் படிக்கும்போதெல்லாம் அந்த ஒற்றை வாக்கியம் என் காதில் விழுகிறது.

அவிநாசி பக்கம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் 2018 ஜூலையில் நடந்தது ஊரறிந்தது. அருந்ததியர் பெண் சமைத்தால் எங்கள் பிள்ளைகள் சாப்பிட மாட்டார்கள் என்று ஆதிக்க சாதியினர் திரண்டார்கள். உடனே அந்தச் சத்துணவுச் சமையலருக்கு இடமாறுதல் ஆணை வந்தது. நாம் தெருவில் இறங்கிய பிறகுதான் அது ரத்தானது. அவரைத் துரத்த ஒரு நாள் போதுமாக இருந்தது. துரத்தியவர்களில் ஆறு பேருக்குத் திருப்பூர் நீதிமன்றம் தண்டனை கொடுக்க 2025 நவம்பர் வரை, ஏழு ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

ஊராட்சிகளிலும் இதே கதைதான். தனித் தொகுதியில் வென்ற தலைவரை நீக்க ஊராட்சிகள் சட்டம் 205ஆம் பிரிவு மாவட்ட ஆட்சியருக்கு அதிகாரம் தருகிறது. அதுகூட வேண்டியதில்லை. காசோலையில் துணைத் தலைவரும் கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. ஆதிக்க சாதித் துணைத் தலைவர் பேனாவை மூடி வைத்துக்கொண்டால் போதும், குடிநீர் மோட்டாரும் ஓடாது, தெருவிளக்கும் எரியாது, "இந்தம்மாவுக்கு நிர்வாகம் தெரியல" என்ற பேச்சு மட்டும் ஊரெல்லாம் ஓடும்.

பதவி நீக்கத்தை எளிதாக்கச் சொல்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அப்படிச் செய்தால் நாளை ஒன்றிய அரசு தனக்குப் பிடிக்காத நேர்மையான நீதிபதியை ஒரே வாரத்தில் வீட்டுக்கு அனுப்பிவிடும். மூன்றில் இரண்டு பங்கு வாக்கு அப்படியே இருக்கட்டும். நான் கேட்பது விசாரணையின் கதவைத் திறந்து வைக்கச் சொல்லி. சாதி, மத வெறுப்பைப் பேச்சிலோ தீர்ப்பிலோ நடத்தையிலோ காட்டுவது தவறான நடத்தை என்று 1968 சட்டத்தில் எழுதுங்கள். நோட்டீஸ்மீது முடிவெடுக்க அவைத்தலைவருக்குக் கெடு வையுங்கள். போட்ட கையெழுத்தைத் திரும்பப் பெறுபவர் காரணத்தை அவையில் எழுந்து சொல்லட்டும். ராஜினாமா செய்தாலும் விசாரணை அறிக்கை வெளிவரட்டும். டிசம்பர் 9 அன்று கையெழுத்திட்ட நம் எம்.பி.க்கள் இந்தத் திருத்தங்களைத் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவர எந்தத் தடையும் இல்லை. அடுத்த முறை ஓட்டுக் கேட்டு அனுப்பர்பாளையத்துக்கும் ஊத்துக்குளிக்கும் வரும்போது, கொண்டுவந்தீர்களா என்று அந்தத் தம்பி கேட்கட்டும். கேட்கச் சொல்லி நேற்றே பதில் குரல்பதிவு அனுப்பிவிட்டேன்.