உலக்கைக்கும் ஒரு பெயர்ப்பலகை

ஒரு சமுதாயம் எதைத் துடைத்துப் பாதுகாக்கிறது, எதை எடைக்குப் போடுகிறது என்று பார்த்தாலே போதும். அது யாரை மதிக்கிறது என்பது விளங்கிவிடும். அருங்காட்சியகம் என்றதும் அரசரின் வாளும், ஐம்பொன் சிலையும், செப்பேடுமே நம் நினைவுக்கு வருகின்றன. அந்த வாளை அடித்த கொல்லன் யார், அவன் உலை எப்படி இருந்தது என்று சொல்லும் பலகையைக் காண்பது அரிது.

இயற்பியல் துறைக் கல்விச் சுற்றுலாவில் இவ்வாண்டு கோயம்புத்தூர் சென்றிருந்தோம். அவினாசி சாலையில் ஜி. டி. நாயுடு அவர்களின் பெயரால் அமைந்த அருங்காட்சியகத்தையும், அங்கே 2015-இல் திறக்கப்பட்ட பழங்கார்களின் காட்சிக் கூடத்தையும் கண்டோம். கார்ல் பென்ஸ் 1886-இல் காப்புரிமை பெற்ற மூன்று சக்கர மோட்டார் வண்டியின் மாதிரி அங்கே நிற்கிறது. ரோல்ஸ்ராய்ஸ் போன்ற செல்வர் வீட்டு வண்டிகளும், நடுத்தரக் குடும்பங்கள் ஏறிச் சென்ற சிறு வண்டிகளும் ஒரே கூரையின்கீழ் இருக்கின்றன. மற்றொரு பக்கம் சவரக் கத்தி முதலாக எத்தனையோ கருவிகள்!

இத்தனைக்கும் காரணமானவர் பள்ளிப் படிப்பையே முடிக்காதவர். 1893-இல் கோவையை அடுத்த கலங்கல் கிராமத்தில் பிறந்த நாயுடு, ஆங்கில அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்தார். கோவை ஓட்டல் ஒன்றில் பரிமாறும் வேலை செய்து பணம் சேர்த்து அதை வாங்கினார். வாங்கியதும் பிரித்துப் பார்த்தார், பிறகு பூட்டினார். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸை ஓட்டத் தொடங்கியவர், பின்னாளில் பெரிய போக்குவரத்து நிறுவனத்தை நடத்தினார். பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து 1937-இல் இந்தியாவின் முதல் மின்மோட்டாரை உருவாக்கினார். 1952-இல் இரண்டாயிரம் ரூபாய் விலையில் இருவர் அமரும் காரையும் செய்து காட்டினார். அரசின் உரிமம் கிடைக்காததால் அது சாலைக்கு வரவில்லை. ஒரு பொருளைக் காட்டும்போது அதைச் செய்தவரின் உழைப்பையும் சேர்த்துக் காட்டினால், பார்ப்பவன் மனத்தில் 'நாமும் செய்யலாமே' என்ற எண்ணம் முளைக்கும். அந்த அருங்காட்சியகத்தின் பெரும்பயன் இதுவே என்பேன்.

இனி என் மலைக்கு வருகிறேன். நான் ஜவ்வாது மலையைச் சேர்ந்தவன். என் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவன். எங்கள் மலையிலுள்ள காவலூரில் 2.34 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி 1986-இல் நிறுவப்பட்டது. நம் நாட்டிலேயே வடிவமைத்துச் செய்யப்பட்டது அது. வைணு பாப்புவின் பெயர் தாங்கி நிற்கிறது. வெளியூர் மக்கள் விண்மீனைக் காண மலையேறி வருகிறார்கள். ஆனால் மலைமக்களின் வாழ்வை அறிய விரும்புகிறவர் எங்கே போவார்? ஏதாவதொரு நகரத்து அருங்காட்சியகத்தின் மானிடவியல் பிரிவுக்குத்தான் வழிகாட்டுவோம். அத்தகைய பிரிவுகளில் பெரும்பாலும் நாம் காண்பது என்ன? 'பழங்குடியினர் பயன்படுத்திய கருவி' என்ற ஒரு வரி. எந்தப் பழங்குடி? எந்த ஊர்? யார் கைபட்டுத் தேய்ந்தது? காருக்குக் குதிரைத்திறன் உண்டு, ஆண்டு உண்டு, செய்தவர் பெயர் உண்டு. எங்கள் உலக்கைக்கு மட்டும் ஒன்றும் இல்லையா?

எங்கள் வீட்டு உலக்கைக்கு நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். சாமையின் உமி எளிதில் விடாது. காய வைத்து, குத்தி, முறத்தில் புடைத்து, மறுபடியும் குத்த வேண்டும். நான்கு கிலோ எடையுள்ள உலக்கையை முக்கால் மீட்டர் உயரம் தூக்க ஏறத்தாழ 29 ஜூல் வேலை. நிமிடத்துக்கு 30 குத்து என்று கொண்டால், என் ஆயாவின் திறன் சுமார் 15 வாட். பென்ஸின் முதல் வண்டிக்கு ஏறக்குறைய முக்கால் குதிரைத்திறன். அதாவது சுமார் 550 வாட். அந்த எஞ்சினுக்கு ஈடாக உழைக்க 37 ஆயாக்கள் வேண்டும்! அந்த எஞ்சினின் பிறந்த ஆண்டை உலகம் அறியும். நாள்தோறும் அத்தனை முறை உலக்கை தூக்கியவளின் பெயர் எங்கே எழுதப்பட்டிருக்கிறது?

மலைக்கும் ஒரு பழங்கார் உண்டு, அதுதான் ஜீப். மகிந்திரா நிறுவனம் இந்நாட்டில் தயாரித்த வண்டி அது. பஸ் எட்டாத ஊர்களில் புளி மூட்டையும், பலாப்பழமும், பிரசவ வேதனையில் துடித்த தாயும் ஏறிச் சென்றது ஜீப்பில்தான். என்னை வயிற்றில் சுமந்த என் அம்மாவை ஆசுபத்திரியில் சேர்த்ததும் ஒரு ஜீப்பே. அது இன்று இல்லை. காயலான் கடையில் துண்டு துண்டாகிப் போனது. ரோல்ஸ்ராய்ஸ் காப்பாற்றப்பட வேண்டியதுதான். அதில் எனக்கு மறுப்பில்லை. அந்த ஜீப்பும் காப்பாற்றப்பட்டிருக்க வேண்டும் என்கிறேன்.

'மலைக்கு முதலில் சாலையும் மருத்துவமனையும் வேண்டும். பழம்பொருளுக்கு என்ன அவசரம்?' என்று நண்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. சாலையும் மருத்துவமும் முதலில் வரட்டும். அதற்காக ஓர் அறையைக் கூட ஒதுக்க முடியாதா? 'மலைமக்கள் அன்றுபோல் இன்றும் உலக்கை பிடிக்க வேண்டும் என்கிறாயா?' என்று கேட்போரும் உண்டு. இல்லவே இல்லை. உமி நீக்கும் எந்திரத்தில் சாமை அரிசியாகி வருவதைக் கண்டு முதலில் மகிழ்ந்தவள் என் அம்மாதான். உலக்கையை மூலையில் சாத்தியதில் அவளுக்குச் சிறிதும் வருத்தமில்லை. ஆகையால் அழகுப் பொருளாக உலக்கையைத் தொங்கவிட வேண்டாம். 'இதைக் கொண்டு இன்ன ஊரில் இன்ன பெண் இத்தனை ஆண்டு இத்தனை மணி நேரம் குத்தினாள். தோள் வலித்தது' என்று பலகையில் எழுத வேண்டும். உண்மையை மறைத்துப் பெருமை பேசும் அருங்காட்சியகம் எங்களுக்குத் தேவையில்லை.

ஜமுனாமரத்தூரில் ஓர் அறை போதும். உரல், திருகை, முறம், தேன் எடுக்கும் கயிறு, பழைய தராசு, ஓடாத ஜீப் ஒன்று. அவற்றைப் பயன்படுத்தியவர்களே வந்து இயக்கிக் காட்டட்டும். மலைப் பிள்ளைகளே பார்வையாளர்களுக்கு விளக்கட்டும். அந்த நாள் வரும்வரை நம் கல்லூரியில் ஓர் அலமாரி கிடைத்தாலும் தொடங்கிவிடலாம். வரலாற்றுத் துறைப் பேராசிரியர்கள் பதிவு செய்யும் முறையைக் கற்றுத் தரட்டும். தாவரவியல் மாணவர்கள் விதைகளைச் சேர்க்கட்டும். இயற்பியல் மாணவர்களாகிய நாங்கள் ஒவ்வொரு கருவியும் இயங்கும் விதத்தை வரைந்து தருகிறோம்.

நண்பர்களே! கோடை விடுமுறைக்கு ஊர் செல்லும்போது ஒரு குறிப்பேட்டை எடுத்துச் செல்லுங்கள். வீட்டு மூலையில் கிடக்கும் ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து, அதைக் கையாண்ட முதியவரிடம் அமர்ந்து, பெயரையும் கதையையும் கேட்டு எழுதி வாருங்கள். பொருள் துருப்பிடிக்கச் சில ஆண்டுகள் ஆகும். அதன் கதையைச் சொல்ல வேண்டியவர்களுக்கோ அவ்வளவு காலம் இல்லை.