உபரியாகப் பிறந்தவன்

2014 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகனில் உள்ள உயிரியல் பூங்காவில் மாரியஸுக்குப் பிடித்தமான ரொட்டியைக் கொடுத்தார்கள். பிறகு சுட்டுக் கொன்றார்கள்.

மாரியஸ், ஒன்றரை வயது ஆண் ஒட்டகச்சிவிங்கி. நோய் நொடி எதுவும் இல்லை. பார்வையாளர்கள் முன்னிலையிலேயே உடலை அறுத்து, எது இதயம், எது நுரையீரல் என்று விளக்கினார்கள். குழந்தைகளும் நின்று பார்த்தார்கள். இறைச்சி சிங்கங்களுக்குப் போனது.

ஏன் இப்படி? ஐரோப்பிய உயிரியல் பூங்காக்கள் ஒன்றுசேர்ந்து இனப்பெருக்கத் திட்டம் ஒன்றை நடத்துகின்றன. நெருங்கிய சொந்தத்துக்குள் குட்டிகள் பிறந்தால் சந்ததி பலவீனமாகிவிடும். மாரியஸின் மரபணுக்களோ அந்தத் திட்டத்தில் ஏற்கெனவே நிறைய இருந்தன. வேறு பூங்காவுக்கு அனுப்பினால், தேவையான இன்னொரு விலங்கின் இடத்தை அவன் அடைத்துக்கொள்வான் என்றது நிர்வாகம். சுருக்கமாகச் சொன்னால், அவன் உபரி.

உலகமே கொதித்தது. காப்பாற்றக் கோரும் மனுவில் 27,000-க்கும் அதிகமானோர் கையெழுத்திட்டிருந்தார்கள். இங்கிலாந்துப் பூங்கா ஒன்று, தானே வளர்ப்பதாக முன்வந்தும் பலனில்லை. பூங்காவின் அறிவியல் இயக்குநர் பெங்க்ட் ஹோல்ஸ்டுக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன.

ஆனால், கோபப்பட்ட எல்லோருக்கும் கோபம் ஒரே இடத்தில் பிறக்கவில்லை.

உயிரியல் பூங்காவே கூடாது என்பவர்களுக்கு, துப்பாக்கி இரண்டாவது குற்றம். வேலிக்குள் அவனைப் பிறக்க வைத்ததுதான் முதல் குற்றம். இதற்கு மறுப்பும் உண்டு. அரேபிய ஓரிக்ஸ் என்ற மான் இனம் 1972-ல் காட்டில் அடியோடு அழிந்தது. பூங்காக்களில் வளர்த்தவற்றின் வாரிசுகளைத்தான் 1982-ல் ஓமன் பாலைவனத்தில் திரும்ப விட்டார்கள். கூண்டு இல்லாவிட்டால் அந்த இனமே இருந்திருக்காது.

சைவ உணவுக்காரர்களுக்கு, கொன்றதுதான் குற்றம். அவர்கள் கேட்ட கேள்வி டென்மார்க்கையே சுட்டது. அங்கே மனிதர்களைவிடப் பன்றிகள் அதிகம். பெயர் வைத்த ஒட்டகச்சிவிங்கிக்காக அழுத கண்கள், பெயரில்லாத பன்றி தட்டில் வரும்போது ஏன் கலங்கவில்லை?

நியாயமான கேள்விதான். ஆனால், அதைக் கேட்ட சைவக்காரரைத் திரும்பிப் பார்த்து வீகன் இன்னொரு கேள்வி கேட்கிறார். 'உங்கள் காபியில் இருக்கிற பால்?'

இது இன்று நேற்று வந்த கேள்வி அல்ல. 1944-ல் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சனும் நண்பர்களும் 'வீகன்' என்ற சொல்லை உருவாக்கியதே, சைவம் மட்டும் போதாது என்று தோன்றியதால்தான். பசு கன்று ஈன்றால்தான் பால். ஈனுவதில் ஏறக்குறைய பாதி காளைக்கன்று. அது பால் தராது. டிராக்டர் வந்தபிறகு ஏருக்கும் வண்டிக்கும் பெரிதாகத் தேவையில்லை. அப்படியானால் அதுவும் ஓர் உபரி ஆண்தான். மாரியஸுக்கு நேர்ந்ததுதான் அதற்கும் நேர்கிறது. ஒரே வித்தியாசம், அதற்காக யாரும் கையெழுத்து வேட்டை நடத்துவதில்லை.

இதற்காக நாளைக் காலையிலிருந்தே எல்லோரும் பாலை நிறுத்திவிடப் போவதில்லை. மோர் இல்லாத சாப்பாட்டை நினைத்துப் பார்க்கவே முடியாத வீடுகள் இங்கே ஏராளம். மூவரில் யாருடைய கருணை பெரிது என்று பட்டிமன்றம் வைத்தாலும் தீர்ப்பு கிடைக்காது.

கோபன்ஹேகன் பூங்கா செய்தது சரியா, தவறா என்ற விவாதம் ஒருபக்கம் இருக்கட்டும். செய்ததை அது மறைக்கவில்லை. குழந்தைகள் முன்னாலேயே உடலை அறுத்துக் காட்டியது. மற்ற இடங்களில் அது சுவருக்குப் பின்னால் நடக்கிறது.

ஒருநாள் பால் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, "இந்தப் பசுவோட கன்னுக்குட்டி எங்கேம்மா?" என்று வீட்டுக் குழந்தை கேட்கலாம். "அம்மாகிட்ட இருக்குடா கண்ணு" என்று மழுப்பாமல் பதில் சொல்ல முடிகிறதா என்பதுதான், சைவமோ அசைவமோ, எல்லா வீட்டுக்கும் பொதுவான சோதனை.