அப்பாயி இருக்கும்போதே கேளுங்கள்

சங்க வேலையாக யாழ்ப்பாணம் போயிருந்தபோது, சாவகச்சேரியில் ஒரு தோழர் வீட்டில் பழைய காணி உறுதி ஒன்றைக் காட்டினார்கள். காணிக்கு ஒரு பெயர், அது யாரிடமிருந்து யாருக்குச் சீதனமாக வந்தது, யாருடைய தகப்பன் யார் என்று நான்கு தலைமுறை அந்தக் கடதாசியில் இருக்கிறது. அதற்கும் முன்னால் ஒல்லாந்தர் காலத்துத் தோம்பு இருக்கிறது என்றார் தோழர்.

நமக்கு என்ன இருக்கிறது? லயக் காம்பராவுக்கு உறுதி கிடையாது. ஆனால் 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் நம்மிடம் கேட்டது பரம்பரையைத்தான். நீ இங்கே பிறந்தது போதாது, உன் தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும்; இல்லாவிட்டால் பாட்டனும் பூட்டனும் பிறந்ததைக் காட்டு என்றது. தாய்வழியைக் கணக்கில் எடுக்கவே இல்லை. பூட்டனுடைய பிறப்புப் பத்திரத்துக்கு நம்மவர்கள் எங்கே போவார்கள்? இலட்சக்கணக்கானோர் நாடற்றவர்களானார்கள். 1964 ஒப்பந்தத்தில் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பப் பேசி முடித்தார்கள். குடும்பங்கள் இரண்டாகப் பிரிந்தன.

ஆகவே பரம்பரை தேடுவது வசதியானவர்களின் பொழுதுபோக்கு என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இன்று காணியுரிமை கேட்கும் நாம், எத்தனை தலைமுறை இங்கே உழைத்தோம் என்பதைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

முதலில் வீட்டுத் தகரப் பெட்டியைத் திறவுங்கள். பிறப்பு, இறப்புப் பத்திரங்கள், பிரஜாவுரிமைக் கடிதம், சேமலாப நிதிக் கடதாசி, இந்தியா போனவர்கள் போட்ட கடிதங்கள், எதையும் வீசாதீர்கள். கிளாக்கர் காதில் விழுந்தபடி எழுதியதால் ஒரே ஆள் ஒன்றில் ராமாயி, இன்னொன்றில் ராமாய் என்று இருப்பார். இரண்டையும் குறித்து வையுங்கள்.

பிறகு அப்பாயி, அம்மாயியிடம் உட்காருங்கள். எந்த வருஷம் வந்தோம் என்று கேட்டால் தெரியாது என்பார்கள். எந்தக் கங்காணியோடு வந்தார்கள், குலசாமி எது, எந்த ஊரில் பிடிமண் எடுத்தார்கள் என்று கேளுங்கள். குலசாமி பெயர் வந்தால் ஊர்ப் பெயரும் பின்னாலேயே வரும். மண்டபம் முகாமும் தலைமன்னாரும் பேச்சில் வரும்போது போனில் பதிந்துகொள்ளுங்கள். (சாதிப் பெருமை பேசுவதற்கு அல்ல. அந்த நோய் யாழ்ப்பாணத்திலும் உண்டு, நம்மிடமும் உண்டு.)

கடதாசிகளைப் படம் பிடித்து இரண்டு பிள்ளைகளிடமாவது கொடுத்து வையுங்கள். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது சுமார் 97,000 நூல்களும் ஏடுகளும் ஒரே இரவில் சாம்பலாயின. 1977இலும் 1983இலும் தோட்டங்களை விட்டு வன்னிக்கு ஓடிய நம் சனங்களில் பலர் உடுத்த துணியோடுதான் போனார்கள்.

என் அப்பாயி, "நாங்க துறையூர்ப் பக்கம்" என்று மட்டும் சொல்வார். எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை. இப்போது கேட்பதற்கு அவர் இல்லை.