நிலவின் இரவைக் கடக்க ஒரு கணப்பு

2023 செப்டம்பர் தொடக்கத்தில், நிலவில் இருந்த சந்திரயான்-3 ஊர்தி பிரக்யானை உறங்க வைத்தார்கள். பேட்டரி நிறைந்திருந்தது. அடுத்த விடியலின் வெளிச்சம் நேராக விழும்படி சூரியத் தகடும் நிறுத்தப்பட்டிருந்தது. விடிந்தது, இஸ்ரோ அழைத்துப் பார்த்தது, பதில் வரவில்லை. ஒரு நிலவுப் பகலுக்கு என்றே செய்யப்பட்ட ஊர்தி அது. அதைத் தோல்வி என்பது தவறு. ஆனால் அடுத்த ஊர்தியையும் அப்படியே செய்தால் அது தவறுதான்.

நிலவில் இரவு நம் கணக்கில் சுமார் 14 நாள். அந்தக் குளிரில் முதலில் சாவது பேட்டரி. ஆகவே ஊர்திக்கு முதல் தேவை வெப்பம். மின்சாரம் அதற்கு அடுத்தது. சோவியத் நாடு 1970-லேயே லூனாகோத்-1 ஊர்தியைப் பொலோனியத்தின் சூட்டில் இரவுகளைக் கடக்க வைத்து, பத்து மாதம் போல ஓட்டிக் காட்டியது.

செவ்வாயில் உள்ள அமெரிக்க ஊர்தி கியூரியாசிட்டியின் வால்பக்கம் துடுப்புகள் வைத்த உருளை ஒன்று சாய்ந்து நிற்கும். அது அணு உலை அல்ல. அதில் தொடர்வினை கிடையாது. உள்ளே இருக்கும் 4.8 கிலோ புளூட்டோனியம் டை ஆக்சைடு தானாகச் சிதைந்து சுமார் 2,000 வாட் வெப்பம் தருகிறது. அதில் மின்சாரமாக மாறியது தொடக்கத்தில் வெறும் 110 வாட். மீதி வீணா? இல்லை. அந்தச் சூட்டைக் குழாய்த் திரவம் ஊர்தியின் வயிற்றுக்குள் கொண்டுபோய்க் கருவிகளைக் காக்கிறது. இந்த வடிவமைப்பின் உயிர் இதில்தான் இருக்கிறது. 2018-இல் புழுதிப்புயல் சூரியனை மறைத்தபோது சூரியத் தகட்டை நம்பிய ஆப்பர்சூனிட்டி ஊர்தி அடங்கிப்போனது. கியூரியாசிட்டி வேலையைத் தொடர்ந்தது.

நம் நிலவு ஊர்திக்கு நாம் எந்த எரிபொருளை எடுப்பது? கியூரியாசிட்டியில் உள்ள புளூட்டோனியம்-238-ஐ நெப்டூனியத்திலிருந்து தனியாக ஆக்க வேண்டும். 1980-களின் இறுதியில் அதை நிறுத்திய அமெரிக்காவே 2015-இல்தான் மறுபடி 50 கிராம் செய்தது. ஐரோப்பா அமெரிசியம்-241 பக்கம் போயிருக்கிறது. கிராமுக்குக் கிடைக்கும் வெப்பம் புளூட்டோனியம்-238 தருவதில் ஐந்தில் ஒரு பங்குதான்; எடை கூடும். ஆனால் அரை ஆயுள் 432 ஆண்டு. அணு உலை எரிபொருளை மறுசுத்திகரித்துச் சேமித்து வைத்த புளூட்டோனியத்தில் அது தானாகவே ஊறிக்கொண்டிருக்கும். தாராப்பூரிலும் கல்பாக்கத்திலும் மறுசுத்திகரிப்பு செய்யும் நமக்குக் கைக்கெட்டும் சரக்கு அதுதான் என்பேன். சந்திரயான்-3-இன் உந்துகலனில் தலா ஒரு வாட் தரும் இரண்டு அணு வெப்பமூட்டிகளைச் சோதனைக்காக அனுப்பிவிட்டோம். முதல் படி ஏறியாயிற்று.

ராக்கெட் வெடித்தால்? நியாயமான அச்சம். 1964-இல் ஓர் அமெரிக்கச் செயற்கைக்கோளின் புளூட்டோனியம் வளிமண்டலத்தில் எரிந்து பரவியது. அதன்பிறகே எரிபொருளை எரிந்து பரவாமல் முழுசாகக் கீழே வந்து சேரும்படி வடிவமைக்கத் தொடங்கினார்கள். இன்று அது பீங்கான் வில்லையாக, இரிடியம் உறைக்குள், கிராஃபைட் கவசத்துக்குள் போகிறது. அப்பல்லோ-13-இன் அணு எரிபொருள் கலம் 1970-இல் பசிபிக்கில் விழுந்தது. கசிவு ஏதும் தென்படவில்லை.

ஆனாலும் ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் பக்கத்திலேயே பழவேற்காடு இருக்கிறது. அங்கே மீனவர்கள் இருக்கிறார்கள். கவசத்தை எப்படியெல்லாம் சோதித்தார்கள் என்ற அறிக்கையை, ஏவும் நாளுக்கு வெகு முன்பே, தமிழிலும் தெலுங்கிலும் அவர்கள் கையில் அரசு கொடுக்க வேண்டும்.