போட்டோஷாப் டெஸ்ட்டை நம்பி நகையை அடகு வைக்காதீங்க

குருவிகுளத்துல ஸ்டுடியோ வச்சிருக்கிற அண்ணாச்சி ஒருத்தர், "போட்டோஷாப் டெஸ்ட்ல இதுதான் ஃபாஸ்ட், டாக்டர்"னு ஒரு வீடியோ காட்டினார். அதை வாங்க வீட்டு நகையை அடகு வைக்கப் போறாராம். அதான் இந்த இழை.

வித்தை பழசு. 2001ல ஆப்பிள் மேடையில 867 மெகாஹெர்ட்ஸ் ஜி4, 1.7 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4ஐ போட்டோஷாப்ல முந்தியது. பொய் இல்லை. ஆனா ஜி4ல இருந்த ஆல்டிவெக்குக்குன்னே எழுதின ஃபில்டர்கள் அதுல பறக்கும். எதை ஓட்டிக் காட்டணும்னு முடிவு பண்ணது விக்கிறவங்க. 2005ல அதே ஆப்பிள் இன்டெலுக்கே மாறப்போறதா அறிவிச்சுது!

வெறும் வயித்து சுகரை மட்டும் பார்த்துட்டு "எல்லாம் நார்மல்"னு நான் எழுதிக் கொடுத்தா சும்மா விடுவீங்களா?

அண்ணாச்சியோட பழைய மெஷின்ல 8 ஜிபி ரேம், ஹார்ட் டிஸ்க். கல்யாண ஆல்பம் திறந்தா ரேம் பத்தாது. போட்டோஷாப் மிச்சத்தை டிஸ்க்ல எழுதி எழுதிப் படிக்கும். ஆமை வேகம் அங்கதான். முதல்ல ரேமும் எஸ்எஸ்டியும் போட்டுப் பாருங்கன்னேன்.

புதுசுதான் வேணும்னா உங்க ஆல்பம் ஃபைலையே கடைக்குக் கொண்டு போங்க. மெஷின்ல காப்பி பண்ணிட்டுத் திறங்க, இல்லேன்னா பென்டிரைவ் வேகத்தைத்தான் அளப்பீங்க. திறக்க, சேவ் பண்ண எத்தனை செகண்டுன்னு செல்போன்ல பாருங்க. கடைக்காரர் மூஞ்சியைச் சுளிச்சா, வேற கடை.