சிக்கனம் அடுப்படியில் தொடங்கட்டும்



குளிர்நாட்டுக் குடும்பங்களுக்கு வீட்டைச் சூடேற்றும் செலவு எப்படியோ, அப்படியே புள்ளலூர் போன்ற சிற்றூர்களுக்குச் சமையல் எரிவாயுவும் வண்டிக்கான பெட்ரோலும் பெருஞ்சுமையாகும். 2016 மே மாதம் தொடங்கப்பட்ட உஜ்வலா திட்டம் ஏழைப் பெண்களுக்கு எரிவாயு இணைப்பு வழங்கியபோதிலும், 14.2 கிலோ சிலிண்டர் தீர்ந்தபின் அடுத்ததை வாங்க இயலாமல் விறகடுப்புக்கே திரும்பும் வீடுகள் இருப்பதால், உள்ள எரிவாயுவைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் முறை அனைவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

திறந்த பாத்திரத்தில் நீர் கொதித்தபின் தீயைக் கூட்டினாலும் வெப்பநிலை உயராமல் ஆவி மட்டுமே மிகுதியாக வெளியேறும் என்பதால், கொதி வந்ததும் தீயைத் தணித்து மூடியிட வேண்டும். பருப்பை முன்கூட்டியே ஊறவைத்துக் குக்கரில் வேகவைத்தால் நேரமும் எரிவாயுவும் மிச்சமாகும். சுடர் மஞ்சளாகி, பாத்திரத்தின் அடியில் கரி படிந்தால், பர்னர் துளைகள் அடைபட்டு எரிவாயு முழுமையாக எரியவில்லை என்று பொருள்.

அவ்வாறே, டயரில் காற்று குறைந்தால் டயர் உருள்வதற்கான தடை கூடிப் பெட்ரோல் வீணாகுமாதலால், காற்றழுத்தத்தை அடிக்கடி சரிபார்ப்பதும், சீரான மிதவேகத்தில் ஓட்டுவதும், நிற்கும்போது இன்ஜினை அணைப்பதும் பயன் தரும்.

இவற்றை மகளிர் சுயஉதவிக் குழுக்கள் வழியே செயல்முறையாக விளக்கவும், மாடு வளர்க்கும் வீடுகளில் சாண எரிவாயுக் கலன் அமைக்க உதவவும் ஊராட்சிகள் முன்வர வேண்டும்.

– வாசகர், புள்ளலூர், காஞ்சிபுரம் மாவட்டம்